லேப்டாப் ஏன் ‘விர்’ரென்கிறது?

சார்ஜில் போட்ட லேப்டாப்பின் உலோக ஓரத்தில் விரலை லேசாகத் தேய்த்தால் ‘விர்’ரென்று ஓர் அதிர்வு தெரியும். வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருக்கும்போது தெரிகிற அதிர்வு, காலை மடக்கி மரக் கட்டிலில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பிளக்கைப் பிடுங்கினாலும் போய்விடும். அதே லேப்டாப்பை அத்தை வீட்டில் சார்ஜ் போட்டால் ஒன்றுமே தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் டெஸ்டரை லேப்டாப்பின் திருகில் வைக்கிறார். டெஸ்டர் எரிகிறது. “கரண்ட் லீக் ஆகுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அன்றோடு அம்மா லேப்டாப் பக்கமே போவதில்லை.

இது பழுதா, ஆபத்தா, இயல்பா? பாதிப் பதில் சார்ஜருக்குள் இருக்கிறது. மீதிப் பதில் வீட்டுக்கு வெளியே, மண்ணுக்குள் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்து மண் என்றால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளிகள் வழியாக அவை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அடுத்த தலைமுறைக்கும் வழி பிறந்திருக்கிறது: 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவிப்பு வந்தது. கணினி வந்துவிடுகிறது. ஆனால் அதை மாட்டுகிற பிளக் பாயிண்ட், பல வீடுகளில் ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி என்ற கணக்கில் என்றோ போட்ட ஒயரிங்கில்தான் இருக்கிறது.

சார்ஜருக்குள் ஒரு நீல வட்டு

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். நொடிக்கு 50 முறை சுழற்சி. லேப்டாப் கேட்பதோ பெரும்பாலும் 19 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டம். நடுவில் உள்ள கறுப்புப் பெட்டிதான் ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிறது.

ரிப்பேர் கடையில் பிரித்துப் போட்ட சார்ஜரைப் பார்த்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையின் குறுக்கே, செம்புக் கோடு எதுவும் இல்லாத வெற்றிடம் ஒன்று ஓடும். இந்தப் பக்கம் 230 வோல்ட், அந்தப் பக்கம் 19 வோல்ட். இரண்டுக்கும் நேரடித் தொடர்பே கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. மஞ்சள் டேப் சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதன் மேல் உட்கார்ந்து, கம்பித் தொடர்பு இல்லாமல் காந்தப்புலத்தின் வழியாக ஆற்றலை மட்டும் அக்கரைக்கு அனுப்புகிறது. அதன் பக்கத்திலேயே, சட்டைப் பொத்தான் அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில், ஒரு வட்டு இரு காலையும் இரு கரையில் ஊன்றி நிற்கும். ‘விர்’ரென்ற அதிர்வுக்கு மூலம் அதுதான். அது ஒரு மின்தேக்கி.

பிரித்து வைத்த இரண்டு பக்கத்தையும் மறுபடி எதற்கு இணைக்க வேண்டும்? சார்ஜர் தன் வேலையைச் செய்ய மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதில் எழும் மின் இரைச்சலை அப்படியே விட்டால் பக்கத்தில் உள்ள ரேடியோ கரகரக்கும், மற்ற கருவிகளும் தடுமாறும். இரைச்சல் வந்த வழியே திரும்பிப் போக ஒரு குறுக்கு வழி வேண்டும். அந்த வழிதான் நீல வட்டு. மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை விடாது. மாறுமின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் அதன் இரு தகடுகளிலும் மின்னேற்றம் ஏறி இறங்குவதால், அந்தப் பக்கமும் சிறிது மின்னோட்டம் தோன்றிவிடும். அதிவேக இரைச்சல் எளிதில் கடக்கிறது. நொடிக்கு 50 சுழற்சி கொண்ட வீட்டு மின்சாரமும் கொஞ்சூண்டு கடந்துவிடுகிறது. இதுதான் கசிவு மின்னோட்டம்.

மண்பானையின் மேல் துளிர்க்கும் ஈரத்தைப் பார்த்துப் பானை ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கசிவு இருந்தால்தான் தண்ணீர் குளிரும். ஆனால் பானைக்குக் கீழே ஓடை கட்டினால் அது விரிசல். சார்ஜரிலும் இதே வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எவ்வளவு கசியலாம் என்பதற்குத் தரக்கட்டுப்பாடு உண்டு. எர்த் முள் இல்லாத சார்ஜரில் நம்மைத் தொடக்கூடிய கசிவு கால் மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. மூன்று முள் சார்ஜர்களில் பெரும்பாலும் கசிவு எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும்; நாம் உணரவே மாட்டோம். எர்த் இல்லாவிட்டால் அது போக வழி தேடி லேப்டாப்பின் உலோகத்தில் காத்திருக்கும். அப்போது அந்த உலோகத்தில் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி நிற்கலாம். அதைத் தொடுபவரின் கால் தரையில் இருந்தால், அவர் உடம்பே எர்த் கம்பி. சிமெண்ட் தரை ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும், மரக் கட்டில் கடத்தாது. கட்டிலில் ஏறியதும் அதிர்வு மறைந்ததற்குக் காரணம் இதுதான். அத்தை வீட்டில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அங்கே எர்த் ஒழுங்காக இருக்கிறது.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால் டெஸ்டர் ஏன் எரிந்தது? டெஸ்டருக்குள் ஒரு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகக் குறைவாக மட்டுமே விடும் பெரிய மின்தடையும் இருக்கின்றன. ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பகுதி கிடைத்தாலே அது எரிந்துவிடும். அங்கே மின்னழுத்தம் இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு மின்னோட்டம் தர அதனால் முடியும் என்று சொல்லாது. உடம்பைத் தாக்குவது மின்னோட்டத்தின் அளவுதான்.

எவ்வளவு மின்னோட்டத்தை மனிதன் தாங்குவான் என்பது எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற மின்பொறியியல் பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களை வைத்து அளந்தார். கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டினார். ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியரில் ஆண்கள் ‘ஏதோ தெரிகிறது’ என்றார்கள். பெண்களுக்கு அதைவிடக் குறைவிலேயே தெரிந்தது. சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசை இறுகிக் கம்பியை விட முடியவில்லை. ‘கரண்ட் பிடிச்சுக்கிச்சு’ என்று ஊரில் சொல்கிறோமே, அந்த நிலை இதுதான். கால் மில்லி ஆம்பியர் என்ற வரம்பு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை இதை வைத்துப் பார்க்கலாம்.

உணரவே முடியாத அளவு என்றால் ‘விர்’ எங்கிருந்து வருகிறது? அதற்கான விடை 1953-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. எட்வர்ட் மாலின்க்ராட் என்ற அமெரிக்கர், தன் வீட்டுப் பித்தளை விளக்குத் தாங்கியைத் தடவும்போது ஒன்றைக் கவனித்தார். விளக்கு அணைந்திருந்தால் வழவழப்பு, எரிந்தால் சொரசொரப்பு! அவரும் கூட்டாளிகளும் உலோகத் தகட்டில் மெல்லிய காப்புப் பூச்சு பூசி, மாறுமின்னழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். விரலை அசையாமல் வைத்தால் ஒன்றுமில்லை, நகர்த்தினால் அதிர்வு.

நம் மேல்தோல் காய்ந்திருக்கும்போது அது ஒரு காப்புப் பொருள். தோலுக்கு உள்ளே ஈரமான சதை, வெளியே உலோகம். இவற்றுக்கு இடையே மின்னழுத்தம் ஏறும்போதெல்லாம் தோல் உலோகத்தை நோக்கி மிக மெல்ல இழுக்கப்படுகிறது. 50 சுழற்சியில் 100 தடவை இழுப்பு. விரல் நகரும்போது உராய்வு அதே கணக்கில் கூடிக் குறைகிறது. அந்த உராய்வு மாற்றத்தைத்தான் நரம்பு ‘விர்’ரென்று படிக்கிறது. இதற்கு மின்னதிர்வு என்று பெயர் வைக்கலாம். இது ஷாக்கே அல்ல. தோல் வறண்டிருக்கும் நாட்களில் கூடுதலாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே, தேய்த்தால் மட்டும் தெரிந்து, விரலை நிறுத்தினால் நின்றுவிட்டால் பயம் வேண்டாம். விரலை அசைக்காமலே முனையில் ‘சுருக்’கென்று குத்தினால் எர்த்தையும் சார்ஜரையும் பார்க்க வேண்டும். கையை உதறித் தள்ளினால் அது வேறு கதை. உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். ஈரக் கையோடு மட்டும் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். நனைந்த தோல் காப்பாக நிற்பதில்லை.

பாறை மேல் வீடு, பாறைக்குள் எர்த்

மூன்று முள் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள முள் மற்ற இரண்டைவிட நீளம், தடிமனும் கூட. செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அந்த நீளம். வேறு துளைக்குள் தவறி நுழையக் கூடாது என்பதற்காக அந்தத் தடிமன். இவ்வளவு யோசித்துச் செய்த முள்ளை, இரண்டு துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேரவில்லை என்று கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுகிறோம். இல்லாவிட்டால் இரண்டு முள் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டிவிடுகிறோம்.

முள் இருந்தால் மட்டும் போதாது. சுவரில் உள்ள மூன்றாவது துளையிலிருந்து பச்சைக் கம்பி கிளம்பி, வீட்டுக்கு வெளியே எர்த் குழி வரை போக வேண்டும். பல வீடுகளில் எல்லாப் பாயிண்ட்டின் பச்சைக் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மண்ணோடு மட்டும் சேர்ந்திருக்காது. அங்கேதான் உண்மையான ஆபத்து. கிரைண்டரிலோ ஃபிரிட்ஜிலோ காப்பு கெட்டு, பேஸ் கம்பி அதன் உலோக உடலைத் தொட்டால், அந்த 230 வோல்ட் பச்சைக் கம்பி வழியே வீடு முழுக்கப் பரவி, ஒரு குற்றமும் செய்யாத லேப்டாப்பின் உலோகத்திலும் வந்து நிற்கும். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகும், பிளக் செருகியிருக்கும்வரை டெஸ்டர் லேப்டாப்பில் எரிந்தால், வருவது சார்ஜரின் கசிவு அல்ல. எர்த் கம்பியில் மின்சாரம் இருக்கலாம், அல்லது சுவிட்ச் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீஷியன் வரும்வரை எதையும் தொடாமல் மெயினை அணைத்து வைப்பதே நல்லது.

இனி மண். தருமபுரியில் போர் போட்டவர்களுக்குத் தெரியும்: சில அடி செம்மண், அதன் கீழே நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறை. காய்ந்த பாறை மின்சாரத்தைக் கிட்டத்தட்ட விடுவதே இல்லை. மண்ணில் மின்சாரம் ஓடுவது மண்துகளால் அல்ல. துகள்களுக்கு இடையே உள்ள ஈரமும் அதில் கரைந்த உப்புகளுமே கடத்துகின்றன. எர்த் குழி வெட்டும்போது குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது சடங்கு அல்ல. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, உப்பு அந்த ஈரத்தைக் கடத்தியாக்குகிறது. மழை பெய்கிற ஐப்பசியில் நன்றாக இருக்கும் எர்த், சித்திரையில் குழி காய்ந்ததும் சோர்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எர்த் எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். எர்த் டெஸ்டர் என்ற கருவியோடு வருபவர், குழியிலிருந்து ஒரே நேர்க்கோட்டில் இரண்டு கம்பி முளைகளை மண்ணில் அடிப்பார். தூரத்து முளை வழியே மின்னோட்டம் அனுப்பி, நடு முளையில் மின்னழுத்தம் பார்த்து, மின்தடை எத்தனை ஓம் என்று சொல்வார். 20 ஓம் என்று வந்தால் என்ன பொருள்? பேஸ் கம்பி நேராக எர்த்தைத் தொட்டாலும் 11 ஆம்பியர் அளவுதான் ஓடும். 16 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. கம்பியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

பாறை நிலத்து வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. என்ற துண்டிப்பான் ஏன் அவசியம் என்பது இங்கே விளங்கும். பேஸ் வழியே எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, வேறு எங்கோ, ஒருவேளை யாரோ ஒருவர் உடம்பு வழியே, மின்சாரம் போகிறது என்று எடுத்துக்கொண்டு, நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் துண்டித்துவிடும். கையில் பிடித்த கம்பியை வைத்து அளந்த அதே டால்சியல்தான், 1961-இல் அமெரிக்க வீடுகளுக்கான இத்தகைய கருவியை உருவாக்கினார். எர்த் சுமாராக இருக்கும் வீட்டிலும் இது காப்பாற்றும். மின்வாரியமும் இதைப் பொருத்தச் சொல்லி வலியுறுத்துகிறது. அதில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

கோடை மழைக்கு முன் இடி கேட்கும்போது பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. ஃபிரிட்ஜால் முடியாத ஒன்று லேப்டாப்பால் முடியும்: ஒயரிலிருந்து முழுதாகக் கழன்றுகொண்டு பேட்டரியில் ஓடலாம்.

சூட்டுக்கும் ஒரு வழி வேண்டும்

கசிவு மண்ணுக்குப் போக வேண்டும் என்றால், சூடு காற்றுக்குப் போக வேண்டும். லேப்டாப் உறிஞ்சும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. 40 வாட் எடுத்தால் 40 வாட் சூடு. பெரும்பாலான லேப்டாப்புகளில் அடியில் உள்ள துளை வழியே விசிறி காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ கீல் ஓரத்திலோ வெளியே தள்ளுகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் வைத்தால் அது உள்ளே அமிழ்ந்து, மூச்சு விடும் துளையை மெத்தை மூடிவிடும்.

பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறைக்கென்றே வடிவமைக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீட்டுக்குள் மதியம் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். அதோடு மெத்தையும் சேர்ந்தால், சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி இதுதான்.

சூடு நம் உடம்புக்கும் கேடு. கொதிக்கும் பொருள்தான் சுடும் என்றில்லை. 44 டிகிரி சூடு ஏறக்குறைய ஆறு மணி நேரம் தோலில் நீடித்தால் நிரந்தரப் புண்ணாகும் என்று ஹென்ரிக்ஸ், மோரிட்ஸ் என்ற இருவர் 1947-லேயே அளந்து காட்டினர். அதற்கும் குறைந்த சூடு நாள்தோறும் பட்டால் தோலில் வலைப்பின்னலாகச் செந்தவிட்டு நிறத் தடம் விழும். காஷ்மீரில் கணப்புச் சட்டியை வயிற்றருகே வைத்துக் குளிர் காய்பவர்களிடம் மருத்துவர்கள் பார்த்துப் பழகிய தடம் அது. 2010-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இதே தடத்தை ஒரு 12 வயதுச் சிறுவனின் தொடையில் கண்டு எழுதினார்கள். மாதக்கணக்கில், தினமும் சில மணி நேரம், லேப்டாப்பைத் தொடையில் வைத்து விளையாடியிருந்தான்.

லேப்டாப்பை மடியில் வைத்தால் ஆண்மை பாதிக்கும் என்ற பேச்சுக்கு மூலம், 2005-இல் நியூயார்க்கில் 29 பேரிடம் செய்த ஓர் ஆய்வு. ஒரு மணி நேரத்தில் விரைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை உயர்ந்தது உண்மை. ஆனால் லேப்டாப் இல்லாமல் தொடைகளைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தாலே 2.1 டிகிரி உயர்ந்தது! அந்த ஆய்வு அளந்தது வெப்பத்தை, குழந்தைப்பேறை அல்ல. ஒரு மேசையோ, பலகையோ, கெட்டியான பரீட்சை அட்டையோ இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

உப்பிய பேட்டரி

லித்தியம் அயனி பேட்டரியில் இரு மின்முனைகளுக்கு நடுவே பிரிப்பான் என்ற பிளாஸ்டிக் ஏடு இருக்கிறது. அதன் தடிமன் 20 மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு வேதிவினையைத் தூண்ட, வேதிவினை மேலும் சூட்டைக் கிளப்ப, கட்டு மீறிப் போய்விடும். 2006-இல் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் தங்கிவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள்தான் காரணம்.

அப்படிப்பட்ட விபத்து அரிது. நம் வீடுகளில் நடப்பது மெதுவான சிதைவு. முழுச் சார்ஜும் அதிகச் சூடும் சேர்ந்திருக்கும்போது பேட்டரிக்குள் வேண்டாத வினைகள் வேகமெடுத்து வாயு உண்டாகிறது. பேட்டரி உப்புகிறது. டச்பேடு மேலே தூக்கும், சமமான தரையில் வைத்தாலும் லேப்டாப் ஆடும். அப்படித் தெரிந்தால் அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றிவிட வேண்டும். எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அதன் அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். புகை வந்தால் முதலில் மெயினை அணைத்து, எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

பழைய இலவச லேப்டாப்புக்கு இன்று புதுச் சார்ஜர் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது மூன்று. வோல்ட் அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். 2012-இல் வந்த ஆணை முதலே இவை கட்டாயம். போலிச் சார்ஜரில் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இரு பக்கத்துக்கும் நடுவே விட வேண்டிய அந்த வெற்றிடத்தில்தான்.

கூலிங் பேடு, விலை உயர்ந்த பை, திரைக்கு உறை என்று லேப்டாப்புக்குச் செலவு செய்ய எத்தனையோ இருக்கின்றன. கையில் இருப்பது ஆயிரம் இரண்டாயிரம் என்றால், அதை ஆர்.சி.சி.பி.க்கும் எர்த் குழிக்கும் செலவழியுங்கள். லேப்டாப் ‘விர்’ரென்பது, பெரும்பாலான சமயம், தன்னைப் பற்றிய புகார் அல்ல, வீட்டில் எர்த் இல்லை என்ற தகவல். கால் மில்லி ஆம்பியர் கசிவுக்கு அந்த எர்த் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. என்றாவது கிரைண்டரின் சுருள் கருகிப்போகிற நாளில், அதே எர்த் இருந்தே தீர வேண்டும்.